ஆரியங்காவு கணவாய் ரோட்டில் காரில் போவது வீணா?

ஆரியங்காவுக்காரன்:
நேற்று ஒரு பயணக் குழுவில் ஒருவர் எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன். "செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலை ரோட்டுக்குக் காரில் போவது வீண். வழி நெடுக லாரி. பார்க்க வேண்டியதெல்லாம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும், பதிமூன்று கண் பாலம் உட்பட." அதற்குக் கீழே ஆளாளுக்கு ஆமாம் ஆமாம் என்று போட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு கேரள எல்லையில் இருக்கிற அந்த மலையிலேயே பிறந்து இன்னும் அங்கேயே குடியிருக்கிறவனுக்கு ஆத்திரம் வருமா வராதா?

பதிமூன்று கண் பாலம் உட்பட என்கிறாரே, ரயில் ஓடுவதே அந்தப் பாலத்தின் மேல்தான். மேலே போகிறவருக்குக் கீழே இருக்கும் கண்கள் எப்படித் தெரியும்? கழுதுருட்டிப் பக்கம் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் கருங்கல் தூண்களும் வளைவுகளும் வரிசையாகக் கண்ணில் விழும். 1904-ல் ரயில் விட்ட பாதை அது. கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய வேலை இன்றைக்கும் நிற்கிறது.

பாலம் மட்டுமா? புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது திரும்பிப் பார்த்தால் கீழே முழுக்க வயலும் தென்னையும். எல்லையில் கோட்டைவாசல் கருப்பசாமி. ஆரியங்காவில் ரோட்டைவிடத் தாழ்வில் இருக்கிற ஐயன் கோயில், அதாவது ஐயப்பன் கோயில். பாலருவி, ரோஸ்மலை, அப்புறம் தென்மலை அணை. இதில் எதை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பது?

மீட்டர்கேஜ் தென்காசி:
அண்ணாச்சி, ஊர்ப்பற்று இருக்கட்டும். அவர் எழுதியதில் என்ன தப்பு? சின்ன வயதிலிருந்து அந்த ரயிலில் போய் வருகிறவன் நான். பகவதிபுரம் விட்டதும் வண்டி மெதுவாகும். பின்னால் இன்னொரு என்ஜின் தள்ளும். குகைக்குள் நுழைந்து வெளியே வரும்போது முகத்தில் அடிக்கிற காற்று, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் போகிறவர்களுக்குக் கிடைக்காது. ரோடு போகாத காட்டுக்குள் எல்லாம் தண்டவாளம் போகிறது. 2010-ல் மீட்டர்கேஜ் என்ற பழைய குறுகிய பாதையை நிறுத்தினார்கள், 2018-ல்தான் அகலப்பாதை முழுசாகத் திறந்தது. அத்தனை வருஷம் தென்காசிக்காரர்கள் அந்தப் பாதைக்காக எப்படி ஏங்கினோம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

பதிமூன்று கண் பாலத்தின் மேல் வண்டி போகும்போது கீழே ரோடும் ஆறும் தெரியும். அதுவும் பாலத்தைப் பார்ப்பதுதான்.

ஆரியங்காவுக்காரன்:
ரோடு தெரியும், ஆறு தெரியும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாலம் தெரியும் என்று எழுதவில்லை. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

இன்னொன்று. ரயில் ரயில் என்கிறீர்களே, எந்த ரயில்? பாலருவி எக்ஸ்பிரஸ் என்று எங்கள் அருவியின் பெயரையே வைத்து ஒரு வண்டி விட்டிருக்கிறார்கள். அது பாலக்காடு போகும்போதும் சரி, திரும்பும்போதும் சரி, எங்கள் மலையை ராத்திரியில்தான் கடக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து இருட்டைப் பார்க்கலாம்.

மீட்டர்கேஜ் தென்காசி:
ஏன், கொல்லத்தில் மதியம் கிளம்புகிற சென்னை வண்டி இல்லையா? வெளிச்சத்திலேயே மலை ஏறுகிறது. அதை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

நெல்லை பைக்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கணவாய் ரோடு என்று எதைச் சொல்கிறோம்? புளியரையிலிருந்து ஆரியங்காவு வரை மட்டுமா, புனலூர் வரை முழுசுமா? பதிமூன்று கண் பாலமும் தென்மலையும் கணவாயில் சேர்த்தியா? அதை முதலில் முடிவு பண்ணினால் பாதிச் சண்டை குறையும்.

ஆரியங்காவுக்காரன்:
தம்பி, அது கிடக்கட்டும். பாலத்தின் மேல் போகிறவருக்குப் பாலம் தெரியுமா தெரியாதா, அதற்கு ஒரு பதில் வரட்டும்.

புனலூர் அக்கா:
பாளையங்கோட்டையில் பிறந்து புனலூரில் வாழ்க்கைப்பட்டவள் நான். பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவது இந்த வழியாகத்தான். காரில் போனால் பிள்ளை வாந்தி எடுத்தால் நிறுத்தலாம், மாமியாருக்குக் கால் மரத்தால் நிறுத்தலாம். தென்மலையில் மான் பூங்கா இருக்கிறது, அணையில் படகு இருக்கிறது, பிள்ளைகள் அங்கேயே அரை நாள் இருந்துவிடுவார்கள். ரயிலில் இதெல்லாம் முடியாது.

ஆனால் எல்லாரும் பதிமூன்று கண் பாலத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். எங்கள் ஊர்த் தூக்குப்பாலத்தை ஒருவரும் சொல்லவில்லை. 1877-ல் ஆல்பர்ட் ஹென்றி என்ற என்ஜினீயர் கல்லடை ஆற்றின் மேல் கட்டியது. இப்போது வண்டி விடுவதில்லை, மேலே நடந்து போகலாம். ஒரு பாலத்தைப் பார்க்கிறதென்றால் அதைப் பாருங்கள், ரயில் பாலத்தைவிட வயதில் மூத்தது.

மீட்டர்கேஜ் தென்காசி:
அக்கா, தூக்குப்பாலம் புனலூர் டவுனுக்குள் இருக்கிறது. அதற்கும் மலைக்கும் சம்பந்தம் இல்லை.

புனலூர் அக்கா:
சம்பந்தம் இல்லையா? கிழக்கே மலையிலிருந்து வருகிற வியாபாரம் ஆற்றைத் தாண்ட வேண்டும் என்றுதானே கட்டினார்கள்? ஆறே அந்த மலையிலிருந்துதான் வருகிறது. தென்காசியில் இருந்துகொண்டு எங்கள் ஊர்ப் பாலத்துக்கு எது சம்பந்தம் என்று சொல்ல வேண்டாம்.

குற்றாலச் சாரல்:
பாலத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. முதல் பதிவில் பாலருவி என்று ஒன்றைப் போட்டிருக்கிறாரே, அதைக் கேட்கத்தான் வந்தேன். குற்றாலத்தை வைத்துக்கொண்டு யாராவது பாலருவிக்குப் போவார்களா? ஆரியங்காவில் கேட்டில் நிறுத்தி டிக்கெட் எடுக்க வேண்டும், வனத்துறை வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் தண்ணீர் அதிகம், குளிக்கக் கூடாது என்பார்கள். கோடையில் தண்ணீர் இல்லை என்று மூடியே விடுவார்கள். எங்கள் ஊரில் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. சாரல் காலத்தில் ரோட்டில் நடந்தாலே நனைந்துவிடுவோம்.

ஆரியங்காவுக்காரன்:
அந்தச் சாரல் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது? தென்மேற்குப் பருவக்காற்று எங்கள் கணவாய் வழியாகப் புகுந்து வருவதால்தான் ஆனி ஆடியில் குற்றாலத்தில் தூறல் விழுகிறது. மற்ற இடங்களில் மலை தடுத்துவிடுகிறது, இங்கே இடைவெளி இருக்கிறது. நாங்கள் நனைந்து முடித்த மிச்சம்தான் உங்களுக்கு.

பாலருவி 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. சுற்றிலும் காடு. எண்ணெய்க் கடை, சீப்பு வளையல் கடை, சோப்பு நுரை எதுவும் கிடையாது. தண்ணீர் அதிகமானால் நிறுத்துகிறார்கள் என்று குறை சொல்கிறீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையன் உயிர் போனதை மறந்துவிட்டீர்களா? ஆளை நிறுத்தி வைப்பதைக் குறையாகச் சொல்லக் கூடாது.

குற்றாலச் சாரல்:
அந்தச் சாவை இதற்குள் இழுத்தது அசிங்கம். அந்தப் பிள்ளையைப் பெற்றவர்கள் படித்தால் என்ன நினைப்பார்கள்? அருவியைப் பற்றிப் பேசினால் அருவியைப் பற்றிப் பேசுங்கள்.

ஆரியங்காவுக்காரன்:
குளிக்க விடவில்லை என்று ஆரம்பித்தது நீங்கள்தான். நான் காரணத்தைச் சொன்னேன்.

மதுரை சம்பந்தி:
எங்கள் சமூகத்துக்கு ஆரியங்காவு என்றால் அருவியும் இல்லை, பாலமும் இல்லை, ஐயன்தான். நாங்கள் மதுரை சௌராஷ்டிரர்கள். ஐயன் கைப்பிடிக்கிற புஷ்கலா தேவி எங்கள் குலத்துப் பெண். மார்கழியில் திருக்கல்யாணத்துக்குப் பெண் வீட்டாராக மதுரையிலிருந்து சீர்வரிசையோடு போகிறோம். கோயில்காரர்கள் மாப்பிள்ளை வீட்டாராக நின்று எங்களைச் சம்பந்தி மரியாதையோடு எதிர்கொண்டு அழைப்பார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் கல்யாணம் நின்றுபோகும், அது ஐதீகம். கேரளத்தில் இருக்கிற ஒரு கோயிலில் தமிழ்நாட்டு நெசவாளிச் சமூகத்துக்கு இப்படி ஒரு உரிமை இருப்பது எவ்வளவு பெரிய விஷயம். பாலம் பாலம் என்று அடித்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் படி இறங்கிப் போய் ஐயனைப் பார்த்திருக்கிறீர்கள்?

ஆரியங்காவுக்காரன்:
வாருங்கள் சம்பந்தி. உங்கள் கூட்டம் வரும்போது எங்கள் தெருவே நிறைந்துவிடும். சின்ன வயதில் கல்யாணச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றவன் நான். குளத்துப்புழையில் பாலகன், ஆரியங்காவில் மாப்பிள்ளை, அச்சன்கோவிலில் அரசன் என்று ஒரே சாமியை மூன்று பருவத்தில் பார்க்கிற வழி இது. மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் வண்டி வேண்டும். குளத்துப்புழைக்கும் அச்சன்கோவிலுக்கும் ரயில் போகிறதா? தென்காசிக்காரர் பதில் சொல்லட்டும்.

மீட்டர்கேஜ் தென்காசி:
குளத்துப்புழை கணவாய் ரோட்டிலேயே இல்லை. தென்மலையில் தெற்கே திரும்ப வேண்டும். அச்சன்கோவிலுக்குச் செங்கோட்டையிலிருந்து வேறு மலை ஏறிப் போகிறோம். நீங்கள் ரோட்டை நீட்டிக்கொண்டே போகிறீர்கள். அப்படியென்றால் நானும் ரயிலைச் சென்னை வரை நீட்டலாம்.

குளத்துப்புழை தோட்டம்:
எங்கள் ஊர் பெயர் வந்ததால் எழுதுகிறேன். 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் 1976-ல் புனலூரைத் தலைமையிடமாக வைத்து மறுவாழ்வுத் தோட்டக் கம்பெனியை ஆரம்பித்து, குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர் நட்டார்கள். பாட்டி அங்கே தேயிலைக் கொழுந்து எடுத்தவர், இங்கே வந்து ரப்பர் பால் வெட்டினார். எங்கள் ஆட்கள் பிழைப்பதற்காகவே இந்த மலையில் ஏறி இறங்குகிறோம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஆற்றில் மீனுக்குப் பொரி போட்டுவிட்டு, கவரையும் பாட்டிலையும் கரையில் விட்டுப் போகிறார்கள். திருமக்கள் என்று நாங்கள் கும்பிடுகிற மீன் அது. காரில் வந்தாலும் ரயிலில் வந்தாலும் குப்பையைத் திரும்ப எடுத்துப் போங்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

குற்றாலச் சாரல்:
குப்பை என்று கேரளப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசுவதைக் கேட்க நன்றாக இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரள ஆஸ்பத்திரிக் கழிவைத் திருநெல்வேலிக் கிராமங்களில் கொட்டியது யார்? பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகுதானே லாரி கொண்டுவந்து அள்ளிப் போனார்கள்?

குளத்துப்புழை தோட்டம்:
அண்ணே, அந்தக் கழிவை நானா கொட்டினேன்? பொரிக் கவரைப் பற்றிச் சொன்னேன். அங்கே கேரளாவில் எங்களைத் தமிழன் என்கிறார்கள், இங்கே வந்தால் கேரளாக்காரன் என்கிறீர்கள். இலங்கையிலும் இதையேதான் கேட்டோம்.

புனலூர் அக்கா:
தோட்டம் தம்பி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. குற்றாலத்துக்காரர் ஒரு மன்னிப்புக் கேட்டால் நல்லது.

குற்றாலச் சாரல்:
நடந்ததைச் சொன்னதற்கு மன்னிப்பு எதற்கு?

பிரானூர் லோடு:
இந்த ரோட்டில் லோடு அடிக்கிறவன் நான். முதல் பதிவிலேயே "வழி நெடுக லாரி" என்று ஒருவர் எழுதியதாகப் போட்டீர்கள், அதற்கு ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. புனலூரில் வீடு கட்ட எம்சாண்ட் எதில் போகிறது? கொல்லத்துக்குக் காய்கறியும் வைக்கோலும் எதில் போகிறது? இது 744-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற சரக்கு ரோடு. லோடு ஏற்றிக்கொண்டு எஸ் வளைவில் ஏறுகிறவனுக்கு இரண்டாவது கியரைத் தாண்டாது. அந்த நேரத்தில் வளைவிலேயே காரை நிறுத்தி போட்டோ எடுக்கிறீர்கள். பதிமூன்று கண் பாலத்தில் இன்னும் மோசம். கதவைத் திறந்து ரோட்டுப் பக்கமே இறங்குகிறார்கள். கார்த்திகை மார்கழியில் சபரிமலை வண்டியும் சேர்ந்தால் புளியரை செக்போஸ்டிலிருந்து வரிசை நிற்கும். காரில் வாருங்கள் என்று கூப்பிடுகிறவர் நிறுத்த இடம் எங்கே என்று சொல்லுங்கள்.

மீட்டர்கேஜ் தென்காசி:
சபாஷ் அண்ணே. ரயிலில் போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆரியங்காவுக்காரன்:
லோடு அண்ணே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், வளைவில் நிறுத்துவது தப்புதான். ஆனால் ஓவர்லோடு ஏற்றிவந்து ரோட்டைப் பள்ளமாக்குவது யார்? மழை பெய்தால் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் சேறு தெறிக்கிறது.

அப்புறம் சபாஷ் போட்டவருக்கு. நிறுத்த இடம் இல்லை என்பதால் பாலம் ரயிலிலிருந்து தெரிந்துவிடுமா? நான் கேட்டது நிறுத்த இடம் இல்லை. மேலே போகிறவருக்குப் பாலம் தெரியுமா?

பிரானூர் லோடு:
ஓவர்லோடு என்று எடை போட்டுப் பார்த்தீர்களா? செக்போஸ்டில் எடை போடுகிறார்கள், சீட்டு இருக்கிறது. வாய்க்கு வந்ததை எழுதாதீர்கள்.

நெல்லை பைக்:
பாலத்துக்கு அகலப்பாதை போடும்போது பலப்படுத்தும் வேலை நடந்தது. பழைய தோற்றம் இப்போது அப்படியே இல்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதையாவது பேசலாமே?

ஆரியங்காவுக்காரன்:
பலப்படுத்தியதை ரயில்வே பார்த்துக்கொள்ளும் தம்பி. கண்கள் பதிமூன்றும் அங்கேதான் இருக்கின்றன, ரோட்டிலிருந்து எண்ணலாம்.

ரயில்காரர் சொல்லாத இன்னும் இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று ரோஸ்மலை. ஆரியங்காவிலிருந்து காட்டு வழியாக ஜீப்பில் போக வேண்டும், செந்துருணி சரணாலயத்துக்குள். முதுகு கழன்றுவிடும் ரோடுதான். மேலே ஏறி நின்றால் தென்மலை நீர்த்தேக்கம் முழுக்கச் சின்னச் சின்னத் திட்டுகளாகத் தெரியும். மழை விட்ட மறுநாள் காலையில் போக வேண்டும், பத்து மணிக்கு மேல் பனி மூடினால் ஒன்றும் தெரியாது. இன்னொன்று கழுதுருட்டியிலிருந்து ஏறுகிற அம்பநாடு எஸ்டேட். கொல்லம் மாவட்டத்தில் தேயிலை அங்கேதான் இருக்கிறது. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள் நம் ஆட்கள், தமிழில் பேசினால் வீட்டுக்குள் கூப்பிட்டு டீ கொடுப்பார்கள்.

குற்றாலச் சாரல்:
நம் ஆட்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. 1956-ல் மாநில எல்லை பிரித்து, திருவிதாங்கூர்ப் பக்கமிருந்த செங்கோட்டையைத் தமிழ்நாட்டுக்கு வாங்கியபோது ஆரியங்காவையும் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். செங்கோட்டை தாலுகாதானே அதுவும்? மலைக்கு மேற்கே என்று விட்டுக்கொடுத்துவிட்டோம். இன்றைக்கு நம் அருவிக்கு நாமே டிக்கெட் எடுக்கிறோம்.

புனலூர் அக்கா:
சற்று முன்பு பாலருவிக்கு யாராவது போவார்களா என்றீர்கள். இப்போது நம் அருவி என்கிறீர்கள்.

ஆரியங்காவுக்காரன்:
அக்கா நன்றாகக் கேட்டார்கள். அந்தப் பேச்சை எடுத்ததால் சொல்கிறேன். செங்கோட்டை நுழைவு வளைவில் திருவிதாங்கூர் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. வாஞ்சிநாதன் செங்கோட்டையில் பிறந்து இந்தத் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர்தான். இரண்டு பக்கமும் ஒரே ஊராகக் கிடந்தவர்கள் நாங்கள். என் பெரியம்மா வீடு செங்கோட்டை, மாமா வீடு எடமண். ரேஷன் கார்டு எந்த மாநிலம் என்று பார்த்து நாங்கள் பெண் கொடுப்பதில்லை. யார் யாரை வாங்குவது?

குற்றாலச் சாரல்:
உங்களுக்குக் கேரள ரேஷன் இனிக்கிறது, அதனால் அப்படித்தான் பேசுவீர்கள்.

மதுரை சம்பந்தி:
ஐயனின் ஊரைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இந்த மாதிரிப் பேச்சு வேண்டாம்.

மீட்டர்கேஜ் தென்காசி:
நான் கடைசியாகச் சொல்கிறேன். ரயிலில் போகிறவருக்குப் பாலம் தெரியும். வண்டி பாலத்தில் ஏறும்போதே சத்தம் மாறும், உடம்புக்கே தெரியும். கண்ணால் பார்த்தால்தான் பார்த்தது என்று யார் சொன்னது?

ஆரியங்காவுக்காரன்:
கேட்டதைப் பார்த்ததாகச் சொல்வதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா? நாளைக்கே கிளம்பி வாருங்கள், பாலத்தடியில் நான் நிற்கிறேன்.

மீட்டர்கேஜ் தென்காசி:
வருகிறேன். ரயிலில்தான் வருவேன். கையை ஆட்டுங்கள்.

பிரானூர் லோடு:
யார் வந்தாலும் ரோட்டில் நிற்காதீர்கள். நாளைக்கு நானும் லோடு எடுத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் வருகிறேன். அந்த ஓவர்லோடு பேச்சுக்கு எடைச் சீட்டோடு நேரில் பதில் சொல்கிறேன்.

குற்றாலச் சாரல்:
நானும் வரலாம் என்றுதான் பார்க்கிறேன். பாலருவி திறந்திருக்கிறதா என்று யாராவது சொல்லுங்கள்.

ஆரியங்காவுக்காரன்:
உங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேன்.